வருஷம் திரும்பாத வீடு

பர்மாவில், தின்கன்ஜூன் ஓரத்தில் ரயில் பாதையை ஒட்டி, ஒரே தகரக் கூரையின் கீழ் பதினெட்டு வீடுகள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் கூலிகளுக்காகக் கட்டியவை. பின்பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பதினெட்டு வீட்டுப் பாத்திரங்களும் சேர்ந்து நடுங்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்து எழுந்துவிடுவார்கள். பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரயில் வராவிட்டால்தான் தூக்கம் கலையும்.

ஏழாம் வீட்டில் சத்யபாமா பட்டாணி அவித்து விற்றாள். மின்சாரம் ஒரு நாளில் நாலு மணி நேரம் வந்தாலே பெரிது என்று ஆன பிறகு கரி அடுப்புதான். விடியும் முன்பே அடுப்பை மூட்டி, முளைகட்டிய பட்டாணியைப் பதமாக வேகவைத்து, மஞ்சளும் உப்பும் போட்டு, வாழையிலை விரித்த தட்டில் கொட்டித் தலையில் வைத்துக்கொண்டு மூன்று தெரு சுற்றுவாள். “பே ப்யொ…” என்று அவள் பர்மியில் இழுத்துக் கூவும் குரலைக் கேட்டுத்தான் அந்தத் தெருக்களில் பாதிப் பேர் சோறு வறுக்கச் சட்டியை எடுப்பார்கள். ஜூன் மாதத்தில் அவள் கணவன் பொன்னுத்துரை இறந்தபோது ஒரு மாதம் தெருக்கள் ஓசையில்லாமல் கிடந்தன. பிறகு குரல் வந்தது. முன்னைவிட ஒரு படி இறங்கியிருந்தது.

பொன்னுத்துரை பாயிண்ட்ஸ்மேன். முப்பத்தொரு வருஷம் தண்டவாளத்தின் திசையை மாற்றிவிட்டவர். ஒருநாள் மழையில் நனைந்து வந்து படுத்தார். எட்டாவது நாள் எழுந்திருக்கவில்லை. செப்டம்பரில் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. மகன் பாலா படித்தான். பிறகு மகள் ஆஷா படித்தாள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். வீடு ஊழியருக்கு, ஊழியர் இல்லை, டிசம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் யாராவது நிரந்தர வேலையில் சேர்ந்தால் மட்டும் அவர் பெயருக்கு மாற்றித் தரப்படும்.

பாலா அதே பாதையில் கேங்கில் தினக்கூலியாக இருந்தான். நாலு வருஷமாகச் சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் குத்தித் திணித்து அவன் உள்ளங்கைகள் காய்த்துப்போயிருந்தன. கேங்கில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் ஊ டின் பேயிடம் இருந்தது.

ஊ டின் பே அந்த இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய மருமகன் ஆட்களைச் சேர்க்கும் பிரிவில் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஊ டின் பே தன் மகனுக்கு மொட்டையடித்துக் காவி உடுத்தித் துறவுச் சடங்கு செய்தபோது, புண்ணியத்துக்காகக் குடியிருப்பிலிருந்து ஒன்பது ஏழைப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார். ஒன்பது வயது பாலாவும் ஒருவன். ராஜகுமாரன் வேஷம் போட்டுக் குதிரையில் ஏற்றினார்கள். பொன்னுத்துரை தங்கக் காகிதக் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். ஒரு வாரம் பையன் மடத்தில் இருந்துவிட்டு வந்தான். குலசாமிக்கு என்று வளர்த்த முடி புத்தருக்குப் போய்விட்டதே என்று சத்யபாமா அழுதாள். “மறுபடியும் வளரும்டி, அந்தாள் கண்ணுல படற சந்தர்ப்பம் மறுபடியும் வருமா?” என்றார் பொன்னுத்துரை.

கண்ணில் பட்டது வீண்போகவில்லை. சடங்கு செய்து வைத்தவர் பையனுக்குத் தகா. இன்னொரு தகப்பன் மாதிரி. அந்த உறவில்தான் மூன்றாம் வீட்டிலிருந்து அவ்வளவாக ஒழுகாத ஏழாம் வீட்டுக்கு மாறினார்கள். ஆஷாவுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது. பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருஷா வருஷம் மழைக்கால முடிவில் தடிஞ்சூட் பௌர்ணமியன்று, ஊரெல்லாம் விளக்கேற்றிப் பெரியவர்கள் காலில் விழுகிற அந்த நாளில், குடும்பத்தோடு போய்க் கடோ செய்வது. பழம், பிஸ்கட் டின், ஒரு லுங்கி வைத்த கூடையை முன்னால் வைத்து மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்குவது. பதினான்கு வருஷம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பொன்னுத்துரை இறந்த வீட்டுக்கு ஊ டின் பே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது பாலாவின் மழித்த தலையில் கை வைத்து, “நான் இருக்கேன்” என்றார்.

தடிஞ்சூட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது பாலா அவர் வீட்டுக்குப் போன் செய்தான். அவர் மனைவி டோ ம்யா எடுத்தார். “இதெல்லாம் போன்ல பேசற விஷயமா? பௌர்ணமி அன்னிக்கு எல்லாரும் வர்றீங்கல்ல, நேர்ல சொல்லு” என்றார்.

அன்று மாலை பின்வாசலில் உட்கார்ந்து சத்யபாமா பட்டாணியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாம் வீட்டுச் சாந்தகுமாரி ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் கோபிகிருஷ்ணனுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். சொந்த வீடு இல்லாமல் அண்ணன் பெயரில் இருந்த நாலாம் வீட்டின் பின்னறையில் ஆறு பேராக இருந்தார்கள். அவர்களுடைய பெரியவனும் பாலாவோடு கேங்கில்தான் வேலை செய்தான்.

“கூடை வாங்கியாச்சாக்கா?” என்றாள் சாந்தகுமாரி.

“அதைத்தான் யோசிக்கிறேன். யாரு தூக்கிட்டுப் போறது?”

“ஏன், நீங்கதான்…” என்று ஆரம்பித்தவள் முறத்தை மடியில் வைத்துவிட்டாள். “ஐயோ. வருஷம் திரும்பலையே.”

“அதான்.”

“நாலு மாசம்கூட ஆகலையேக்கா. நல்ல நாளும் அதுவுமா, விளக்கேத்தி வச்சிருக்கிற வீட்டுக்குள்ள நீங்க கூடையோட போய் நின்னா… வேணாம்க்கா. அந்த மனுஷனுக்கே எழுபது தாண்டியாச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மனசு தாங்குமா?”

பாலா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். “அத்தை, அவங்க பர்மாக்காரங்க. அவங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாது. சாவு வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனாரே, பார்க்கலை?”

“அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல” என்றாள் சத்யபாமா.

“தெரிஞ்சு என்ன பண்றது? டிசம்பர்ல தெருவுல நிக்கவா?”

“டேய், நீ கொள்ளி வச்சவன். உனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். வாயை மூடு.”

“நான் போறேன்மா. நீ வர வேணாம். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன்.”

“அவ மட்டும் யாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணா?”

உள்ளேயிருந்து ஆஷா பர்மியில் ஏதோ சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு வராது. “என்ன சொல்றா?” என்றாள் சாந்தகுமாரி. “அப்பாவா இருந்தா போயிருப்பார்னு சொல்றா” என்றான் பாலா.

அது உண்மைதான். சத்யபாமாவுக்கும் அது தெரியும். பொன்னுத்துரை தன் அம்மா இறந்த ஆறாவது நாளே கேபினுக்குப் போய் நெம்புகோலைப் பிடித்தவர். ஆனால் அது வேலை. இது இன்னொருவர் வீட்டு விளக்குக்கு முன்னால் போய் நிற்பது. தங்களுக்கு அவ்வளவு செய்த மனுஷனுக்குத் தெரிந்தே ஒரு கெடுதலைக் கூடையில் வைத்துக் கொண்டுபோவதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

“போன்ல காரணத்தைச் சொல்லிடலாமா?” என்றான் பாலா, குரல் இறங்கி.

“எழவுச் சேதியைப் போன்லயா சொல்வாங்க? அவங்களே நேர்ல சொல்லுன்னாங்கல்ல. கோபியண்ணனும் வருஷா வருஷம் கும்பிடப் போவார்ல. அவர் சொல்லட்டும். நாம நாலு நாள் கழிச்சு வெறுங்கையோட போவோம். வெளிய நின்னு பேசிட்டு வந்துருவோம்.”

“எங்க வீட்டுக்காரர் சொல்லிருவாருக்கா” என்றாள் சாந்தகுமாரி. “நான் சொல்லி அனுப்புறேன்.” அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். எழுந்து போகும்போது பொறுக்கிய பட்டாணியைக் குண்டானில் கொட்டி, தண்ணீரும் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

பௌர்ணமியன்று மழை இல்லை. பொழுது சாய்ந்ததும் பதினேழு வீட்டு வாசல்களிலும் மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிந்தன. குழந்தைகள் செலோபன் லாந்தர்களைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் நடந்தார்கள். ஏழாம் வீடு மட்டும் பல்லில்லாத இடம்போல இருட்டாக இருந்தது. ஆஷா கதவுக்குப் பின்னால் நின்று வெளிச்சத்தைப் பார்த்தாள். சத்யபாமா சோற்றில் தண்ணீர் ஊற்றி, கருவாட்டைச் சுட்டு வைத்தாள்.

கோபிகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையோடு பாதை ஓரமாக வந்தார். வாயிலிருந்த சுருட்டு அணைந்திருந்தது. வழக்கமாக ஏழாம் வீட்டைக் கடக்கும்போது ஒரு கேலி சொல்லாமல் போகமாட்டார். “பட்டாணி ராணி, பல்லுக்கு ஒண்ணு குடு” என்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“அண்ணே! சொன்னீங்களா?” என்றாள் சத்யபாமா வாசலிலிருந்து.

“சொன்னேன் தங்கச்சி, சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்வாரு… சரின்னாரு.” அவர் நடந்துகொண்டே சொன்னார்.

“சரின்னாராம்” என்று சத்யபாமா உள்ளே வந்து சொன்னாள். அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நாலு நாள் கழித்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பட்டாணி விற்று முடித்துக் குளித்து, வெள்ளை ரவிக்கையும் பழைய தமேன் லுங்கியும் கட்டிக்கொண்டு பாலாவோடு பஸ் ஏறினாள். ஊ டின் பேயின் வீட்டு இரும்புக் கேட்டைப் பாலா தட்டினான். வேலைக்காரப் பெண் திறந்து உள்ளே வரச் சொன்னாள். சத்யபாமா கேட்டுக்கு வெளியே, சாக்கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள். பாலாவையும் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

டோ ம்யா முன்வாசல் வரை வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போனார். வெயில் ஏறியது. ரொம்ப நேரம் கழித்துக் கைத்தடியோடு ஊ டின் பேயே வந்தார். பனியனும் லுங்கியும் கட்டியிருந்தார். ஜூன் மாதம் பார்த்ததற்கு இப்போது இளைத்திருந்தார்.

“உள்ள வரமாட்டியாம். என் வீட்டுல என்ன பாம்பா இருக்கு, மா பாமா?” என்றார் பர்மியில்.

சத்யபாமா கையைக் கூப்பினாள். சந்தையில் பேசும் பர்மி அவளுக்கு நன்றாக வரும்; இதைப் பேச வரவில்லை. விட்ட இடங்களைப் பாலா நிரப்பினான். எங்கள் வீட்டில் சாவு நடந்திருக்கிறது. ஒரு வருஷம் முடியும்வரை நாங்கள் நல்ல நாளில் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. போனால் அந்த வீட்டுக்கு ஆகாது. உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் வரவில்லை.

கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுதான் காரணமா?”

“கோபிகிருஷ்ணன் அண்ணன் சொல்லியிருப்பாரே, அபே” என்றாள் சத்யபாமா. அப்பா என்றுதான் அவரைக் கூப்பிட்டுப் பழக்கம்.

“சொன்னான். சாவுச் சடங்கு ஏதோ, வரமுடியலையாம்னான். யாரு வரலைன்னாலும் ஒரு காரணம் சொல்லி அனுப்பறாங்க. ஒருத்தனுக்கு வயித்துவலி. ஒருத்தனுக்கு மாமியாருக்கு ஜுரம். நான் நாற்காலியில இருந்தப்ப எந்த மாமியாருக்கும் தடிஞ்சூட் அன்னிக்கு ஜுரம் வந்ததில்லை.” சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. “அப்பல்லாம் அந்த முனை வரைக்கும் நிப்பாங்க. இந்த வருஷம் பதினோரு பேர். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பாய்ல உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை கேட் சத்தம் கேட்டாலும் என் பெண்டாட்டி, ‘உன் கோயின் வந்துட்டான்’னா.”

கோயின் என்றால் சின்னத் துறவி. பாலாவுக்கு இருபத்துநாலு வயதாகியும் அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

“பொன்னுத்துரை போய்ட்டான், இனிமே இந்தக் கிழவன் எதுக்குன்னு நினைச்சுட்டாங்க போலன்னு நினைச்சேன்” என்றார்.

“ஐயோ அபே!”

“நீ எனக்காகத்தான் வராம இருந்திருக்கே.” அவர் கைத்தடியின் நுனியால் தரையில் எதையோ நகர்த்தினார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பாலாவைப் பார்க்காமல் பேசினார். “கடைசியா வந்தவன் கோபிகிருஷ்ணன். நான் கோபத்துல இருந்தேன். உனக்கு என்னடா வேணும்னு கேட்டேன். அவன் பையனைச் சொன்னான். அன்னிக்கு ராத்திரியே மருமகன் கிட்ட பேர் குடுத்துட்டேன். நேத்து கையெழுத்தாயிடுச்சு.”

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். 

“மாத்த முடியாதா அபே?” என்றான் பாலா.

“மருமகன் என்னை மதிச்சு இந்த வருஷம் ஒரு பேர் கேட்டான். ஒண்ணு. அதுவே என் மகள் சொல்லித்தான் கேட்டிருப்பான். மாத்துன்னு போய் நின்னா, ‘மாமா திங்கக்கிழமை ஒண்ணு சொல்றார், செவ்வாக்கிழமை ஒண்ணு சொல்றார்’னு சிரிப்பான். அடுத்த வருஷம் கேக்கவே மாட்டான்.” அவர் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். “என் கிட்ட ஒரு சொல்தான்டா மிச்சம் இருந்தது.”

சத்யபாமாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே ஆச்சரியம். கோபம் வரட்டும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

“சாப்பிட்டுப் போ, கோயின்.”

“வேணாம் அபே” என்றான் பாலா.

“அடுத்த தடிஞ்சூட்டுக்குள்ள உங்க வருஷம் முடிஞ்சுருமில்ல? அப்ப வாங்க.”

“வர்றோம் அபே” என்றாள் சத்யபாமா.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தார்கள். பாதி தூரம் போனபிறகு பாலா, “எதுக்கும்மா வர்றோம்னு சொன்ன?” என்றான்.

“பெரிய மனுஷன் வாசல்ல வந்து நின்னுக்கிட்டுக் கேக்கறார். வேற என்ன சொல்றது?”

அன்று சாயங்காலம் பாலா டீக்கடையில் கோபிகிருஷ்ணனைப் பிடித்தான். அவர் முன்னால் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பக்கத்து ஸ்டூல்களில் இருந்தவர்கள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

“மாமா, என்ன மாமா இது?”

“அடிடா. அடிச்சிடு.”

“அடிக்கிறதுக்கு வரலை. எப்படிக் கேட்டீங்கன்னு தெரிஞ்சுக்க வந்தேன்.”

“நான் கேக்கலைடா! சத்தியமா கேக்கப் போகலை. உங்கம்மா சொன்னதைச் சொன்னேன். அந்தாள் காதுலயே வாங்கலை. மூஞ்சி செவந்து கிடந்துது. திடீர்னு உனக்கு என்ன வேணும்ங்கறார். இருபத்தாறு வருஷமா அந்த வாசல்ல கும்பிட்டிருக்கேன். ஒருநாள், ஒருநாள் அவர் என்னைக் கேட்டதில்லை. உங்கப்பாவைக் கேப்பார். என்னை, வந்தியா சாப்பிட்டியான்னு அனுப்பிருவார். கேட்டதும்… வாயைத் தொறந்துட்டேன்.”

“என் பேரைச் சொல்லியிருக்கலாமே மாமா.”

கோபிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். “ஆறு பேர்டா. ஒரு ரூம். பெரியவன் பெண்டாட்டி முழுகாம இருக்கா. நீயா இருந்தா யார் பேரைச் சொல்லியிருப்பே?”

 பாலா அவருடைய டீயை நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினான். வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னான். “நீயா இருந்தா” என்று கேட்டதையும் சொன்னான்.

“நீ என்னடா சொன்ன?”

“எதுவும் வரலை.”

டிசம்பரில் ஆற்றைக் கடந்து டாலாவில் இடம் பார்த்தார்கள். மூங்கில் தட்டிச் சுவர், நிபாப் பனை ஓலைக் கூரை, வெள்ளம் வந்தால் உயரத்தில் இருக்கட்டும் என்று கால் வைத்துக் கட்டிய ஒற்றை அறை. பாலாவுக்கு அங்கிருந்து தினமும் படகில் வந்து, பிறகு பஸ் பிடித்துக் கேங்குக்குப் போக வேண்டும். தினக்கூலி இருக்கும்வரை போகலாம். ஆஷா பள்ளிக்கூடம் மாற வேண்டியதுதான். சத்யபாமாவின் மூன்று தெருக்களுக்கு வேறு யாராவது பட்டாணி கொண்டுவருவார்கள். டாலாவில் அவளைப்போல ஏற்கெனவே நாலு பேர் கூவிக்கொண்டிருந்தார்கள்.

காலி செய்வதற்கு முந்தின நாள் காலை, சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சாந்தகுமாரி வந்து நின்றாள். தடிஞ்சூட்டுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பின்னால் அவள் மருமகள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

“உள்ள வா” என்றாள் சத்யபாமா.

சாந்தகுமாரி வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க…”

“சொல்லு.”

“நாளைக்கழிச்சு நாங்க… இங்க குடி வரணும். நல்ல நாள் பார்த்திருக்கு. புள்ளத்தாச்சிப் பொண்ணு. அதான்… ஒரு ஐயரைக் கூட்டிட்டு வந்து புண்ணியாவாசனம் பண்ணிட்டு வரலாமான்னு. இல்லே நீங்களே மஞ்சத்தண்ணி தெளிச்சு விட்டுட்டுப் போனா… உங்க வருஷம் இன்னும் திரும்பலையே, அதுக்குக் கேக்கறேன்.”

பாலா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். சத்யபாமா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மறுபடியும் குனிந்து முடிச்சைப் போட்டான்.

அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மருமகளின் வயிற்றையும், அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நிற்பதையும் பார்த்தாள்.

“எத்தனாவது மாசம்?”

“ஆறு முடியப்போகுது பெரியம்மா” என்றாள் அந்தப் பெண்.

“ஒண்ணும் தெளிக்க வேணாம், பயப்படாதே” என்றாள் சத்யபாமா. “அது வீட்டுக்கு இல்லை. எங்களுக்குத்தான். நாங்க போறப்ப எங்களோடயே வந்துரும்.” பிறகு கதவை முழுதாகத் திறந்து ஓரமாக நின்றாள். “வந்து பாருங்க. பின்பக்க மூலையில மட்டும் கூரை லேசா ஒழுகும். அங்க தொட்டிலைக் கட்டாதீங்க.”

சாந்தகுமாரி மருமகளின் முழங்கையைப் பிடித்து மெல்ல முன்னால் விட்டாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள். ஒரு கணம் கால் மாற்றி நின்று, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.